மணிக்கணக்கில் வாங்க முடியாத வேலை: நம் கோல்ஃப் பயிற்றுநர் குறித்து ஒரு திறந்த மடல்

முன்னாள் மாணவர் சங்கத்தின் விளையாட்டு நிதிக் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும், குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். கல்லூரி கோல்ஃப் அணியின் பயிற்றுநருக்குச் சங்கம் கொடுத்துவரும் ஆண்டு ஒப்பந்தத்தை இம்முறை புதுப்பிக்க வேண்டாம், அதே பணத்தில் டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) பாடம் எடுக்கும் தொழில்முறை ஆசிரியர் ஒருவரிடம் மணிக்கு இவ்வளவு என்று பேசி ஸ்விங் பயிற்சி (கிளப் எனும் கோல்ஃப் மட்டையைச் சுழற்றிப் பந்தை அடிக்கும் பயிற்சி) வாங்கிக்கொள்ளலாம் என்ற முன்மொழிவு அதில் இருக்கிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். குழுவுக்கு மட்டும் அனுப்பாமல் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகளைக் கல்லூரி அணிகளில் ஆடவிட்டிருக்கும் நம் பெற்றோர் பலர், "இந்தக் கோச் என்னதாம்மா செய்றாரு?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் இதே கல்லூரியில் படித்தவள், இன்று இங்கேயே கணக்கியல் விரிவுரையாளர். சில ஆண்டுகளாக அணியின் மேலாளராகவும் இருக்கிறேன். போட்டிப் படிவம், வேன், அறை, ரசீது எல்லாம் என் பொறுப்பு. அதனால் பயிற்றுநரின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறேன். உங்கள் முன்மொழிவின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அவர் ரேஞ்சில் நின்ற நேரத்தை எண்ணி, ஆண்டு ஊதியத்தை அதால் வகுத்து, வெளியில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்று காட்டியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்குத் தலைமைச் சமையற்காரரை அமர்த்திவிட்டு, அவர் காய் நறுக்கிய நேரத்துக்கு மட்டும் கூலி பேசுவது போன்ற கணக்கு அது.

நானும் ஒரு கணக்குப் போடுகிறேன். கல்லூரிப் போட்டியில் 18 குழி ஆடி முடிக்க நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். அடி குறைந்தால் நல்லது என்பதுதான் இந்த ஆட்டம். நன்றாக ஆடும் மாணவர் பந்தை 75 முறை அடித்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்விங் இரண்டு விநாடிகூட எடுப்பதில்லை. அத்தனை அடியையும் கூட்டினாலும் இரண்டரை நிமிடம்தான் வரும். அந்த 75-இலும் முப்பதுக்குக் கிட்ட, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் பந்தை உருட்டும் பட்டிங். மற்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளை நடக்கிறது, முன்னால் போகும் குழுவுக்காகக் காத்து நிற்கிறது, காற்றைப் பார்க்கிறது, போன குழியில் விட்ட அடியை நினைத்துக் குமைகிறது, தண்ணீர் குடிக்க மறக்கிறது, இந்த இடத்தில் எந்த கிளப்பை எடுப்பது என்று தனக்குள் வாதாடுகிறது. நாம் செலவழிக்கும் பணம் முழுவதும் அந்த இரண்டரை நிமிடத்துக்கே போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

போட்டி நாளில் பயிற்றுநரே ஸ்விங்கைத் திருத்த முடியாது. கோல்ஃப் விதி 10.2-இன்படி ஆட்டக்காரர் தன் கேடியைத் (பை சுமக்கும் உதவியாளரைத்) தவிர வேறு எவரிடமும் ஆலோசனை கேட்கக் கூடாது, கேட்டால் மொத்த அடியை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டனை. அணிப் போட்டிகளில் மட்டும், போட்டிக் குழு விரும்பினால், ஓர் அணிக்கு இருவர் வரை ஆலோசனை சொல்பவராக நியமித்துக்கொள்ள விதி 24.4 இடம் தருகிறது. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் பயிற்றுநர்கள் மாணவர்களோடு நடந்தே ஆலோசனை சொல்கிறார்கள். அங்கும் ஒன்பதாவது குழியில் நின்றுகொண்டு முழங்கையை இப்படி மடக்கு என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. கொடியைப் பார்க்காதே, கிரீனின் நடுவுக்கு அடி, இந்தத் தண்ணீரைத் தாண்டப் பார்க்காதே, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு அடுத்த குழியின் தொடக்க இடத்துக்குப் போ. பேச்சு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

முன்மொழிவின் இரண்டாம் பத்தியில் ஒரு வரி என்னை வருத்தியது. நம் பயிற்றுநர் "தாமே ஒரு சிறந்த ஆட்டக்காரர் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், நம் பிள்ளைகள் அவரைவிட நன்றாக ஆடுகிறார்கள். ஆனால் அமெரிக்கக் கல்லூரி கோல்ஃபின் வரலாற்றில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவ் வில்லியம்ஸ் பெயரைத் தாண்டி யாரும் போக முடியாது. அவர் அங்கே பொறியியல் பாடம் நடத்திய ஆசிரியர். 1956 முதல் 1985 வரை அவருடைய அணிகள் 16 முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றன. அவரிடம் மாணவர்கள் போனது ஸ்விங் கற்றுக்கொள்ள அன்று. நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்து, அவர்களை ஒருவரோடொருவர் போட்டியிட வைத்து, ஓர் அணியாக்கியதுதான் அவருடைய திறமை. நம் பயிற்றுநரை அவரோடு ஒப்பிட வரவில்லை. தாமே நன்றாக ஆடுவது வேறு, ஓர் அணியை நடத்துவது வேறு என்பதற்கு அவரைச் சொல்கிறேன்.

இனி, குழுவில் யாரும் பார்க்காத ஒரு வேலையைச் சொல்கிறேன்.

கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கோல்ஃப் ஆடும் எவருக்கும் இடியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர் வாக்கிலும், மதியம் இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் தித்திவாங்சா மலைப் பக்கம் வானம் கறுக்கும். அரை மணிக்குள் தலைக்கு மேல் வந்துவிடும். திறந்த புல்வெளியில், கையில் உலோகக் கம்பியோடு, தோளில் பையோடு நிற்கிறவர்கள் நம் பிள்ளைகள். போட்டி நாளில் சைரன் உண்டு. ஒரே நீண்ட ஒலி என்றால் ஆபத்து, அந்த நொடியே நிறுத்த வேண்டும், தொடங்கிய குழியை முடித்துவிட்டுப் போகலாம் என்பதெல்லாம் கிடையாது. மூன்று குறுகிய ஒலி என்றால் சாதாரண நிறுத்தம். இரண்டு குறுகிய ஒலி கேட்டால் மீண்டும் ஆடலாம். புதிதாக அணியில் சேரும் மாணவரிடம் நம் பயிற்றுநர் முதல் நாள் ஒப்பிக்கச் சொல்வது இதைத்தான். ஆட்டத்தை விட்டு விலகினால் தண்டனை வருமோ என்று பயந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. மின்னலுக்காக ஆட்டக்காரர் தாமே நிறுத்திக்கொள்ள விதி இடம் தருகிறது என்பதையும் அவர்தான் சொல்லிவைக்கிறார்.

பயிற்சி நாளில் எல்லா இடத்திலும் சைரனை நம்ப முடியாது. யார் நிறுத்துவது? பயிற்றுநர்தான். மரத்தடியில் ஒதுங்கவிடாமல், சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்கோ வேனுக்கோ எல்லாரையும் கொண்டு சேர்த்து, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே விடுகிறார். பெரும்பாலும் அத்தோடு அன்றைய பயிற்சி போய்விடும். இப்போது உங்கள் முன்மொழிவைப் பாருங்கள். மணிக்கணக்கில் வருகிற ஆசிரியர் பயிற்சியை நிறுத்தினால் அவருடைய அன்றைய கூலி போகும். நிறுத்தாவிட்டால் கூலி நிற்கும். எந்த ஆசிரியரையும் நான் சந்தேகிக்கவில்லை, நல்லவர்களாகவே இருப்பார்கள். ஆனால் வானம் கறுக்கும்போது முடிவெடுக்க வேண்டியவரை இப்படி ஒரு நிலையில் நாமே நிறுத்தக் கூடாது. 2015-இலும் 2019-இலும் நம்மை மூடிய புகைமூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பயிற்சியை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவும், நோன்பு மாதத்தில் மலாய் மாணவர்களுக்காக முழு அணியின் பயிற்சியையும் விடிந்ததும் வைத்துக்கொள்ளவும், ஆண்டு முழுக்கப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் தேவை.

அணியின் உள்ளே நடப்பதற்கு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் ஐவர் ஆடுவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நால்வரின் ஸ்கோர் மட்டும் அணிக் கணக்கில் சேரும். உலக அமெச்சூர் அணிப் போட்டியான ஐசன்ஹோவர் கோப்பையில் மூவர் ஆடி, இருவர் கணக்கில் வருவார்கள். நாம் போகும் போட்டிகளில் ஆள் எண்ணிக்கை மாறினாலும் கடைசி ஸ்கோரை விட்டுவிடும் முறை அநேகமாக இருக்கிறது. பலகையில் எழுதும்போது ஒருவருடைய எண்ணைக் கோடு போட்டு அடிப்பார்கள். ஐந்து மணி நேரம் வெயிலில் பை சுமந்து நடந்தவன், தன் 84 கோடு போட்டு அடிக்கப்படுவதை எல்லார் முன்னாலும் நின்று பார்க்க வேண்டும். மறுநாள் காலை ஏழரைக்கு அவன் மறுபடியும் ஆட வேண்டும், அன்று அவன் ஸ்கோர்தான் அணியைத் தாங்க வேண்டியிருக்கலாம்.

அந்த இரவில் பயிற்றுநர் செய்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மாமாக் உணவுக் கடையில் எல்லாரும் உட்காரும்போது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவார். ஸ்விங்கைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார். ரொட்டி சானாய் வரும், தே தாரிக் வரும், வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஸ்கோர் கார்டை எடுத்து மேசையில் விரித்து, எந்தக் குழிகளில் அடி போனது என்று அவனையே சொல்லச் சொல்வார். பன்னிரண்டாவது குழியில் டபுள் போகி (அந்தக் குழிக்கு வகுத்த அடியைவிட இரண்டு அதிகம்) வந்தது, அதற்குப் பிறகு மூன்று குழியும் போகி (ஓர் அடி அதிகம்). டபுள் போகி வந்தது பங்கர் என்ற மணல் பள்ளத்தில். மற்ற மூன்றும் வந்தது கோபத்தில். இதைப் பிள்ளை தன் வாயால் சொல்லும் வரை காத்திருப்பார். அன்று இரவு ரேஞ்சுக்குப் போய் நூறு பந்து அடிக்கிறேன் என்று கிளம்பினால் விட மாட்டார், தூங்கப் போகச் சொல்வார்.

இதைவிடக் கடினம், வேனில் இடமில்லாத பிள்ளையோடு பேசுவது. அணியில் ஒன்பது பேர் இருந்தால் ஐவர்தான் போட்டிக்குப் போக முடியும். தகுதிச் சுற்றுகளின் ஸ்கோரை வைத்து மூவரை எடுத்துவிடலாம். மீதி இருவரை யாராவது தீர்மானிக்க வேண்டும். யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பது மட்டும் போதாது. அந்த மைதானத்தின் குறுகலான ஃபேர்வேயில் (பந்தை அடித்துச் செல்லும் புல்பாதையில்) யார் நிதானமாக ஆடுவார், யார் தேர்வுச் சுமையில் இருக்கிறார், யாருடைய மணிக்கட்டு இன்னும் ஆறவில்லை, இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். விட்டுப்போன பிள்ளையிடம் காரணத்தை நேரில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியலைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். நம் பயிற்றுநர் பட்டியல் வரும் முன்பே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். மணிக்கு இவ்வளவு என்று வரும் ஆசிரியரிடம் தேர்வு அதிகாரத்தைக் கொடுக்க முடியாது. அப்படியானால் அது யாரிடம் போகும்? உங்களிடமா, என்னிடமா? நமக்கு இந்தப் பிள்ளைகளின் ஆட்டம் தெரியாது.

ஒரு போட்டியில் நடந்ததை இங்கே பதிவு செய்ய வேண்டும். பதினாறாவது குழியில் நம் மாணவி ஒருத்தியின் பந்து உயரமான புல்லுக்குள் கிடந்தது. கிளப்பைப் பின்னால் வைத்தபோது பந்து அசைந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை, கூட ஆடியவர்கள் ஃபேர்வேயின் அந்தப் பக்கம் இருந்தார்கள். அவளே கை தூக்கிச் சொல்லி, பந்தைப் பழைய இடத்தில் வைத்து, தன் கார்டில் ஓர் அடி சேர்க்கச் சொன்னாள். விதி 9.4 அப்படித்தான் சொல்கிறது. நம் அணி அன்று ஓர் அடியில் மூன்றாம் இடத்தை இழந்தது. கல்லூரிக்குத் திரும்பிய பிறகு ஓர் அலுவலகத்தில் அவளை உட்காரவைத்து, "யார் பார்த்தார்கள்?" என்று கேட்டார்கள். கேட்டவர் பெயரையோ பதவியையோ எழுத மாட்டேன். அவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

பயிற்றுநர் அடுத்த பயிற்சி நாளில் முழு அணியையும் நிறுத்தி, நடந்ததைச் சொல்லி, அவள் செய்தது சரி, வேறு யாராக இருந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும், செய்யாதவருக்கு என் அணியில் இடமில்லை என்றார். பிறகு அந்த அலுவலகத்துக்குப் போய் அதையே சொன்னார். எனக்கு அன்று பெரிய நிம்மதி. நடுவர் இல்லாமல் ஆட்டக்காரரின் நேர்மையை நம்பி நடக்கும் ஆட்டம் இது. ஒரு பதக்கத்துக்காக இந்தப் பெண்ணைப் பொய் சொல்லப் பழக்கியிருந்தால், நாளை என் கணக்கியல் மாணவியாக அவள் ஒரு நிறுவனத்தின் ஏட்டைத் தணிக்கை செய்யப் போகும்போது என்ன செய்வாள்? அவளுடைய பெற்றோர் நம்மிடம் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறார்கள். பெற்றோர் இடத்தில் நின்று யாராவது அவள் பக்கம் பேசியாக வேண்டும். அன்று பேசியவர் நம் பயிற்றுநர் மட்டும்தான்.

பணம் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் நம் அணியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இல்லை. நன்றாக ஆடும் மாணவருக்கு வார இறுதியில் ரேஞ்சில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மணிக்கு ஐம்பது, அறுபது வெள்ளி (ரிங்கிட்) சம்பாதிக்கும் வாய்ப்பு வரும். வாடகையும் கைச்செலவும் அதில் ஓடும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு கோல்ஃப் பாடம் எடுத்தால் அமெச்சூர் (பணத்துக்காக ஆடாதவர்) என்ற தகுதி போய்விடும். சில விதிவிலக்குகள் உண்டு, அவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட விதிகளில் அமெச்சூர் ஒருவர் பெறக்கூடிய பரிசுக்கும் உச்சவரம்பு இருக்கிறது, 1,000 அமெரிக்க டாலர். மைதானங்களில் பெரியவர்கள் நல்ல பிள்ளைகளைப் பார்த்தால் "வா தம்பி, குழிக்கு இவ்வளவு" என்று பந்தய ஆட்டத்துக்கு இழுப்பதும் நடக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதெல்லாம் யார் சொல்வார்கள்? நம் அணியில் ஒருவன் பாடம் எடுக்கத் தொடங்கும் முன்பே பயிற்றுநர் தடுத்து, கல்லூரி நூலகத்தில் பகுதிநேர வேலை வாங்கிக் கொடுத்தார். ரேஞ்ச் ஆசிரியரின் மணிக்கணக்கில் இந்த வேலைக்கு எந்த வரியில் தொகை எழுதுவீர்கள்?

நம் சமூகத்துக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. கோல்ஃப் மைதானம் நம்மவர்களுக்குப் புதிய இடம் இல்லை. புக்கிட் கியாராவில் இன்று கோல்ஃப் ஆடும் நிலத்தைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கே பால் மரம் வெட்டிய குடும்பங்கள் தோட்டம் எடுக்கப்பட்ட பிறகு தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்து நீண்ட வீடுகளில் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். எம். இராமையா, பி. குணசேகரன் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் நம்மிடையே இருந்து வந்து நாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான நம் வீடுகளில் கோல்ஃப் என்றால் டத்தோ பட்டம் பெற்ற பெரியவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமே இருக்கிறது. பெண் பிள்ளை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ரயில் போகாத ஒரு மைதானத்துக்கு, யாரோ ஒருவருடைய வண்டியில் போகிறாள் என்றால் அம்மாவுக்கு வயிற்றில் நெருப்புத்தான்.

ரவாங் பக்கம் ஒரு வீட்டுக்குப் பயிற்றுநரோடு நானும் போனேன். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் வேலை. மகளை அணியிலிருந்து எடுத்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பயிற்றுநர் விளையாட்டின் பெருமை எதையும் பேசவில்லை. வேன் எத்தனை மணிக்கு வரும், யார் ஓட்டுவார், கூட எந்த விரிவுரையாளர் வருவார், அறையில் யாரோடு தங்குவாள், எத்தனை மணிக்குக் கைப்பேசியில் கூப்பிடுவாள், சாப்பாடு யார் கொடுப்பார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். அம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "சரிம்மா, எழுதிக்கிறேன்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பழைய கையுறை, பட்டிங்குக்கான கிளப் எல்லாம் முன்னாள் மாணவர்கள் கொடுத்தவை இருக்கின்றன, புதிதாக வாங்க வேண்டாம் என்றார். அந்தப் பெண் இன்றும் அணியில் இருக்கிறாள். அப்பா இப்போது லோடு இல்லாத நாளில் மைதானத்துக்கு வந்து ஓரமாக நடந்து பார்க்கிறார், மகள் பட்டிங் செய்யும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் துறை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பருவ காலத்தில் பயிற்சிக்கும் போட்டிக்கும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் கல்லூரியில் எந்த வரம்பும் எழுதப்படவில்லை. பயிற்றுநர் தாமே ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறார். செமஸ்டர் தொடக்கத்தில் எல்லாருடைய கால அட்டவணையையும் வாங்கி, தேர்வு, ஒப்படைப்புத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் போட்டிகளைத் தேர்ந்தெடுக்கிறார். புள்ளி குறைந்தவருக்கு அடுத்த போட்டி கிடையாது. சில விரிவுரையாளர்களிடம் மாற்றுத் தேர்வுத் தேதி கேட்டு அவர் காத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். இந்த மாணவர்களில் தொழில்முறைக்குப் போகிறவர் ஒருவர் இருந்தாலே அதிகம். மற்ற அனைவரும் வாங்கிய பட்டத்தை வைத்துத்தான் வாழப் போகிறார்கள்.

ஸ்விங் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்மொழிவில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ரேடார் கொண்டு பந்தின் வேகம், சுழற்சி, கிளப் வரும் பாதை எல்லாவற்றையும் அளக்கும் கருவி அந்த ஆசிரியரிடம் இருக்கிறது. 7 அயர்ன் என்ற கிளப்பால் பந்தை எவ்வளவு தூரம் அடிக்கிறோம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பதும் கருவி காட்டுவதும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அந்த எண் தெரிந்தால் கிளப் தேர்வில் தடுமாற்றம் குறையும். ஆகவே அவரிடம் சில மணி நேரம் வாங்குவதை வரவேற்கிறேன். ஆனால் யாரை, எப்போது, எதற்காக அனுப்புவது என்பதைப் பயிற்றுநர் சொல்லட்டும். நம் அணியில் நால்வருக்குச் சிறு வயதிலிருந்தே சொந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இப்போது இன்னோர் ஆசிரியர் வந்து பிடியை மாற்று என்றால், போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் பிள்ளையின் தலைக்குள் இரண்டு குரல் கேட்கும். இந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வதும், ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசி நேர்செய்வதும் பயிற்றுநர் இன்று செய்யும் வேலைகளில் ஒன்று. பந்து பறப்பதில் திடீரென்று மாற்றம் தெரிந்தால் அவர் முதலில் கேட்பது "முதுகு வலிக்கிறதா?" என்றுதான். கீழ்முதுகும் மணிக்கட்டும் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அடிக்கடி அடிபடும் இடங்கள், பிள்ளைகள் அதை மறைப்பார்கள்.

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக கோல்ஃப் ஆடியவர்கள் கேவின் கிரீனும் ஆஷ்லி லாவும். கிரீன் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக அணியிலும், லாவ் மிச்சிகன் பல்கலைக்கழக அணியிலும் ஆடியவர்கள். நத்தாஷா ஆன்ட்ரியா ஊன் சான் ஹோசே ஸ்டேட் அணியில் இருந்தவர். மூவரும் சிறுவயதிலேயே நன்றாக ஆடியவர்கள்தாம், இங்கே ஆசிரியர்களுக்கும் ரேஞ்சுகளுக்கும் குறைவில்லை. அப்படியும் அவர்கள் கடல் கடந்து போய்ச் சேர்ந்தது, படிப்பும் ஆட்டமும் ஒருவருடைய கண்காணிப்பில் சேர்ந்து நடக்கும் கல்லூரி அணிகளில். எல்லாராலும் அப்படிப் போக முடியாது. போக முடியாத நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பங்கையாவது கோலாலம்பூரிலேயே கொடுக்கும் ஒரே ஏற்பாடு, நீங்கள் நிறுத்த நினைக்கும் இந்தப் பதவிதான்.

குழுவிடம் நான் கேட்பது இதுதான். ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். அதில் வேலை விவரத்தைச் சரியாக எழுதுங்கள்: அணித் தேர்வு, போட்டிப் பயணம், பாதுகாப்பு, படிப்புக் கண்காணிப்பு, பெற்றோருடன் பேசுவது, அமெச்சூர் விதிகளில் வழிகாட்டுவது. இன்றைய ஒப்பந்தத்தில் "கோல்ஃப் பயிற்சி அளித்தல்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது, ரேஞ்ச் நேரத்தை மட்டும் எண்ணும்படி ஆனதும் அதனால்தான். இடி, புகைமூட்டம் காரணமாகப் பயிற்சி ரத்தானால் ஊதியம் குறையாது என்று ஒரு விதி சேருங்கள். மின்னலின்போது நிறுத்துவது பயிற்றுநரின் முடிவு, அதை வேறு யாரும் மாற்ற முடியாது என்றும் எழுதுங்கள். முன்மொழிவில் ஒதுக்கிய தொகையில் நான்கில் ஒரு பங்கை ரேடார் கருவி உள்ள ஆசிரியரிடம் பயன்படுத்தலாம், எந்த மாணவரை அனுப்புவது என்பதைப் பயிற்றுநரிடம் விட்டுவிடலாம். மீதி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஆண்டு விருந்தோடு நடத்தும் நட்புமுறை கோல்ஃப் போட்டியின் செலவுக் கணக்கை நான்தான் சரிபார்க்கிறேன். பரிசுப் பைகளுக்குப் போகும் தொகையைக் குறைத்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். கணக்கைத் தனியாக அனுப்பிவைக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். பயிற்றுநரின் பதவியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அவரையும் அழைக்கவில்லை, மாணவர்களையும் அழைக்கவில்லை. அணியின் தலைவியும் முதலாண்டு மாணவர் ஒருவரும் வந்து பத்து நிமிடம் பேச அனுமதி கேட்கிறேன். அவர்களுக்குப் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு வகுப்பு இருக்கிறது, ஆகவே அந்த விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக, ஐந்து மணிக்கே எடுத்துக்கொண்டால் நல்லது. தலைவர் ஐயா இசைவு தெரிவித்தால் இருவரையும் நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
கணக்கியல் விரிவுரையாளரும் கோல்ஃப் அணி மேலாளருமான ஒரு முன்னாள் மாணவி
கோலாலம்பூர்